வெள்ளிக்கிழமை சாமியும் ஒரு செம்புப் பானகமும்

சாமிக்கு ரத்த அழுத்தம் பார்த்த ஆள் பம்பாயில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் குமிழை அமுக்கி, பாதரசம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற ஒரு அம்மாள், "சிஸ்டர், அந்தக் கம்பி மேல ஏறுனா சாமி சம்மதிச்சிட்டாருன்னு அர்த்தமா?" என்று கேட்டார்.

போன மாதம் முலுண்டில் என் மகள் வீட்டுக்கு மூன்று பெண்கள் வந்திருந்தார்கள். தாராவியில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை நோயாளிகளின் நெஞ்சுக்குக் காவல் இருக்கிற உத்தியோகம் அவர்களுக்கு. விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சின்னப் பெட்டி, உடனே எண் வந்துவிடுகிறது. எனக்கும் குத்திப் பார்த்தார்கள். வந்த எண்ணைச் சொல்ல மாட்டேன். மகள் இதைப் படிப்பாள். "உங்க காலத்துல இதெல்லாம் எப்படி மேடம் பண்ணீங்க?" என்று கேட்டார்கள். நான் ஆரம்பித்துச் சாமி வருகிற இடத்துக்குப் போவதற்குள் அவர்களுடைய ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கதையைப் பாதியில் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆகவே எழுதிவிடுகிறேன்.

என் அப்பா மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எங்களுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்றாலும் எனக்கு விவரம் தெரிந்ததெல்லாம் ரயில் சத்தத்தில்தான். மெட்ரிக் முடித்ததும் நர்ஸ் படிப்பு, அதன்பிறகு ஹெல்த் விசிட்டர் படிப்பு. அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. படுக்கை விரிப்பை மூலை மடிக்கக் கற்றேன், மேட்ரனிடம் திட்டு வாங்கக் கற்றேன், நின்றுகொண்டே தூங்கக் கற்றேன். கடைசியாகச் சொன்னதுதான் பிற்பாடு லோக்கல் ரயிலில் ரொம்ப உதவியது. அறுபதுகளின் தொடக்கத்தில், தாராவி ஓரத்தில் இருந்த ஒரு தர்ம டிஸ்பென்சரியில் எனக்கு வேலை கிடைத்தது.

காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்துக்குள் நுழைவேன். பைக்குள் ஸ்பிரிட் விளக்கு, கண்ணாடிக் குழாய்கள், மரக் கிடுக்கி, ஒரு பாட்டில் நீல மருந்து, ரத்த அழுத்தப் பெட்டி. அப்போது சர்க்கரை பார்ப்பதென்றால் மூத்திரத்தில்தான். குழாயில் நீல மருந்தை ஊற்றி, சில சொட்டு மூத்திரம் விட்டு, கிடுக்கியால் பிடித்து விளக்கில் காட்ட வேண்டும். கொதி வரும்போது ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் பொங்கி முகத்தில் அடிக்கும். குழாயின் வாயை ஆளில்லாத பக்கமாகப் பிடிக்க வேண்டும் என்பது பாடம். தாராவியில் ஆளில்லாத பக்கம் என்று ஒன்று கிடையாது. ஆகவே வானத்தைப் பார்த்துப் பிடிப்பேன். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு. செங்கல் நிறம் வந்தால் விவகாரம் முற்றிவிட்டது.

இதையெல்லாம் நோயாளிக்கும் நமக்கும் மட்டும் தெரிகிற மாதிரி செய்ய வேண்டும் என்று படிப்பில் சொல்லியிருந்தார்கள். சொன்ன அம்மையார் தகரச் சுவர் வீட்டைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. நான் விளக்கைப் பற்ற வைத்தாலே சந்து முழுக்கக் கூடிவிடும். "பச்சை! பச்சை!" என்று ஒரு கூட்டம் கத்தும். "எல, நல்லாப் பாரு, மஞ்சக் கட்டுது" என்று இன்னொரு கூட்டம். நீலம் வந்தவர் மேளம் ஒன்றுதான் குறை, அப்படி வீட்டுக்குப் போவார். ஒரு தடவை ஆரஞ்சைப் பார்த்துவிட்டு ஒரு பெண், "இதே கலர்ல தாதர்ல சேலை கிடைக்குமா சிஸ்டர்?" என்று கேட்டாள். அது அவள் மாமியாருடைய மூத்திரம்.

எனக்கு மேலதிகாரி டாக்டர் கேல்கர். மராத்திக்காரர், செம்பூரிலிருந்து ஒரு பழைய காரில் வருவார். அந்தக் காருக்கு ஹாரன் தவிர மற்ற எல்லாப் பாகமும் சத்தம் போடும். அவருக்குத் தெரிந்த தமிழ் மொத்தம் பசி, வலி, தூக்கம், பொய் என்ற நான்கு வார்த்தை. மற்றதெல்லாம் பம்பாய் இந்தி. இங்கே தமிழிலேயே தருகிறேன். நோயாளி முன்னால் உட்கார்ந்ததும் நாடியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வார். "காலையில் என்ன சாப்பிட்டாய்? முதலில் பொய்யைச் சொல்" என்பார். ஆள் திருதிருவென்று விழித்துவிட்டு, "ரெண்டு கோதுமை ரொட்டி, காய்" என்பான். அதை அக்கறையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். "நல்ல பொய். இப்போது உண்மை." உண்மை வரும்: ஆறு இட்லி, கெட்டிச் சட்னி, இரண்டு டம்ளர் சர்க்கரை போட்ட காப்பி. அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. பொய்யை முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டால் ஆளுக்குப் பாரம் குறைந்துவிடும் என்பது அவருடைய சித்தாந்தம்.

இன்னொரு சித்தாந்தமும் அவருக்கு இருந்தது. அந்தக் காலத்தில் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சர்க்கரை கண்ணைக் கெடுக்கும், காலைக் கெடுக்கும். ஆனால் ஆளைத் தூக்கிக்கொண்டு போவது நெஞ்சு. நாம் மூத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஆள் பின்வாசல் வழியாகப் போய்விடுவான்" என்பார். ஆகவே நான் வீட்டுக்குப் போனால் நிறம் பார்ப்பதோடு திரும்பக் கூடாது. ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், பாதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும், டால்டா டின் எவ்வளவு காலியாகிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும், கருவாட்டையும் பீடியையும் பற்றிச் சண்டை போட வேண்டும், நடக்கச் சொல்ல வேண்டும். நடக்கச் சொன்னால் தாராவியில் சிரிப்பார்கள். "தண்ணிக்கும் கக்கூசுக்கும் நடக்கது பத்தாதா?" என்பார்கள். அதிலும் நியாயம் இருந்தது.

இப்போது பேச்சிமுத்து அண்ணாச்சிக்கு வருகிறேன். சூட்கேஸுக்குத் தோல் வெட்டுகிற பட்டறையில் வேலை. சாந்தமான மனிதர். சாந்தம் என்றால், அவர் ஒரு வீட்டில் இருக்கிறார் என்பது அந்த வீட்டுக்கே சில சமயம் மறந்துபோகும். அவருக்குச் சேர்த்து அவர் மனைவி வேலம்மா பேசிவிடுவார். காலையில் இட்லி அவித்து விற்கிறவர். ஒரு கை மாவை ஊற்றும், ஒரு கை சில்லறை கொடுக்கும், வாய் அந்தச் சந்து முழுவதையும் நிர்வாகம் செய்யும்.

டிஸ்பென்சரியில் டாக்டர் அண்ணாச்சியைப் பார்த்து, "தூக்கம்?" என்று கேட்டால், "நல்லாத் தூங்குதாவ. இவிய கொறட்டையில எனக்குத்தான் தூக்கம் இல்ல" என்று வேலம்மா சொல்வார். "வலி?" என்றால், "இவியளுக்கு எங்க வலி? வலிச்சா நான் சொல்ல மாட்டனா?" என்பார். ஒரு நாள் டாக்டர் பொறுக்க முடியாமல் வேலம்மாவின் வாயில் தெர்மாமீட்டரை வைத்து மூடச் சொல்லிவிட்டு, அண்ணாச்சி பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டார். அண்ணாச்சி வாயைத் திறந்தார். மனைவி முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். தெர்மாமீட்டரை எடுத்ததும் வேலம்மா, "நான்தான் சொன்னேம்லா, ஒண்ணும் இல்லன்னு" என்றார்.

ஆனால் ஒன்று இருந்தது. அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஈ.சி.ஜி. எடுத்தோம். காகிதச் சுருளை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். எப்போதோ ஒரு முறை அந்த நெஞ்சின் ஒரு மூலைக்கு ரத்தம் போகாமல் அடைத்திருக்கிறது, அந்த மூலை தழும்பாகிவிட்டது, ஆளுக்கே தெரியாமல் எல்லாம் நடந்து முடிந்திருக்கிறது என்றார். நாள்பட்ட சர்க்கரைக்காரர்களுக்கு நரம்பு மரத்துப்போவதால் மாரடைப்பே வலியில்லாமல் வரலாம் என்று அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். கத்தி அழுகிற நோயை எனக்குத் தெரியும். சத்தமே போடாத நோய், அதுவும் சத்தமே போடாத மனிதருக்கு!

அண்ணாச்சிக்குத் தினமும் காலையில் ஒரு இன்சுலின் ஊசி என்று முடிவாயிற்று. மெதுவாக வேலை செய்து, மதியத்துக்கு மேல் முழு வேகம் பிடிக்கிற வகை. ஊசி போட வேலம்மாவுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். கண்ணாடி சிரிஞ்சைக் காப்பிச் சட்டியில் கொதிக்க வைப்பது, மருந்து பாட்டிலை ஈர மணல் போட்ட மண்பானையில் வைப்பது எல்லாம் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். குத்திப் பழகக் கத்தரிக்காய் கொடுத்தேன். பச்சைத் தண்ணீரை ஏற்றி ஏற்றி ஒரு கூடைக் கத்தரிக்காயைக் குத்தித் தள்ளிவிட்டு, சாயந்திரம் அதையே குழம்பு வைத்துவிட்டார். "ஊசி போட்ட காய் கெட்டுப்போவாதுல்லா?" என்று கேட்டார்.

சில மாதம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. நிறம் பச்சைக்கு இறங்கியது. நான் வழக்கமாகக் காலையில்தான் அந்தச் சந்துக்குப் போவேன். ஒரு வெள்ளிக்கிழமை, வேறொரு வீட்டுப் பிரசவத்துக்காகச் சாயந்திரம் போக வேண்டியிருந்தது. அண்ணாச்சி வீட்டு முன்னால் கூட்டம். கற்பூர வாசனை. வேப்பிலைக் கொத்து. வரிசை வேறு நிற்கிறது. நடுவில், கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிறார். உடம்பு நடுங்குகிறது, சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது, கண் எங்கேயோ பார்க்கிறது, வாய் ஏதோ குழறுகிறது. பக்கத்தில் வேலம்மா கை கூப்பி நிற்கிறார், வாய் திறக்காமல்! அதுதான் எனக்கு முதல் அதிர்ச்சி.

"மூணு வாரமா வெள்ளி தவறாமச் சாமி வருது சிஸ்டர்" என்று தங்கராசு என்னிடம் சொன்னான். பக்கத்து வீட்டுக்காரன், முரட்டு ஆள். சாமி வந்த முதல் வாரம், யாரோ தங்கள் சேவல் காணாமல் போனதைப் பற்றிக் குறி கேட்டிருக்கிறார்கள். அண்ணாச்சி, "சாப்பாடு... சாப்பாடு..." என்று குழறியிருக்கிறார். உடனே தங்கராசு தடால் என்று காலில் விழுந்து, "ஆமா சாமி, நாந்தான் அடிச்சுச் சாப்பிட்டேன்" என்று ஒப்புக்கொண்டுவிட்டான். அன்றிலிருந்து சாமிக்கு அவன்தான் தலைமைப் பக்தன். இது போதாதா, மாகிமிலிருந்தெல்லாம் ஆள் வர ஆரம்பித்துவிட்டது.

எனக்கும் சாமி உண்டு. நான் கேலி செய்கிறவள் இல்லை. முதலில் என் கையும் தானாகக் கூப்பிக்கொண்டது. பிறகுதான் அவர் கையைத் தொட்டேன். ஈரத் துணி மாதிரி சில்லென்று இருந்தது. நாடி ஓடிய ஓட்டத்தில் என்னால் எண்ண முடியவில்லை. அப்போதுதான் பெட்டியைத் திறந்து ரத்த அழுத்தமும் பார்த்தேன். "காலையில என்ன சாப்ட்டாரு?" என்று வேலம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "வெள்ளிக்கிழமைல்லா, மூணு வாரமா விரதம் இருக்காவ. வெளக்கு வச்ச பெறவுதான் சோறு." "ஊசி?" "அத விடுவனா? காலைலயே போட்டுட்டேன்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஊசியை முழுசாகப் போட்டுவிட்டு வயிற்றைப் பட்டினி போட்டால், மதியத்துக்கு மேல் ரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விடும். நடுக்கம், வேர்வை, குழறல் எல்லாம் அதுதான். மனிதர் சாப்பாடு சாப்பாடு என்று கேட்டதும் அதனால்தான். உடனே சர்க்கரை உள்ளே போயாக வேண்டும். ஆனால் நான் பையிலிருந்து குளுக்கோஸை எடுத்ததும் கூட்டம் மறித்துவிட்டது. "சாமி வந்திருக்கும்போது மருந்தா? தொடாதிய!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். நியாயம் பேச நேரமில்லை. "மருந்து இல்ல. சாமிக்குத் தாகம். பானகம் கேக்காரு!" என்று நானும் கத்தினேன்.

அது எல்லோருக்கும் புரிந்தது. வெல்லத்தைத் தட்டிப்போட்டு, சுக்கும் ஏலமும் சேர்த்து, ஒரு செம்புப் பானகம் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. மடக்கு மடக்காகக் கொடுத்தேன். சாமி மிச்சம் வைக்காமல் குடித்தது. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. அண்ணாச்சி சுற்றும் முற்றும் பார்த்து, "எதுக்கு எல்லாரும் இங்க நிக்கிய?" என்று கேட்டார். "சாமி மலையேறிட்டு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வரிசையில் அடுத்ததாக நின்ற பெண்ணுக்கு மட்டும் கோபம் தாங்கவில்லை. "என் மொறை வாரதுக்குள்ள அனுப்பி வச்சிட்டியளே!" என்று என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "கோமதி, சர்க்கரை அப்படி இறங்கும்போது நெஞ்சு குதிரை மாதிரி ஓடும். தழும்பு விழுந்த நெஞ்சு அது. இன்னும் எத்தனை வெள்ளிக்கிழமை தாங்கும் என்று நினைக்கிறாய்?" என்றார். "சாமி வரக் கூடாது என்று சொல்லிவிடட்டுமா?" என்று கேட்டேன். "சொல்லிப் பார். சாமி இருக்கும், நீயும் நானும் இருக்க மாட்டோம்" என்றார். அவர் யோசனை இது: வெள்ளிக்கிழமை மட்டும் ஊசியைக் குறைத்துக்கொள்வது. விரதம் இருக்கட்டும், ஆனால் பாலும் சுண்டலும் வேளாவேளைக்கு. அதையும் மீறிச் சாமி வந்தால் பானகம் முதலில், குறி பிறகு.

இதைச் சொல்லப் போன இடத்தில் வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வருகிறது எந்தச் சாமி என்று சந்தே இரண்டாகப் பிரிந்து நின்றது. "கோழித் திருட்டக் கண்டுபிடிச்சது சொடலமாடன்தான். மாடனுக்குச் சுருட்டு வேணும், கறி வேணும்" என்று தங்கராசு கட்சி. திருடியவனே சாட்சி சொன்னால் எதிர்த்துப் பேசுவது கஷ்டம். அந்த நெஞ்சுக்குச் சுருட்டா? யோசிக்காமல் குறுக்கே விழுந்தேன். "அன்னைக்குப் பானகம் குடுத்ததும் மலையேறினாரா இல்லியா? மாடன் பானகத்துக்கு அடங்குத சாமியா?" எல்லோரும் யோசித்தார்கள். "அடங்க மாட்டாரு" என்று கடைசியில் வேலம்மா தீர்ப்புச் சொன்னார். "இது எங்க சாஸ்தாதான். சைவம்."

வைத்திய ஆதாரத்தை வைத்து ஒரு சாமியை அடையாளம் கண்டது என் உத்தியோகத்திலேயே அந்த ஒரு தடவைதான். ஜெயித்த சூட்டில் இன்னொன்றும் சொல்லி வைத்தேன். "பானகம் குடிச்சும் மலையேறலன்னா அது சாமியே இல்ல. அப்பக் கும்பிட்டுட்டு நிக்காதிய. தூக்கிட்டு டிஸ்பென்சரிக்கு வந்துருங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். தாராவியில் தலையாட்டலுக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

ஊசியைக் குறைத்து, சுண்டலைக் கொடுத்ததும் சாமி வரவில்லை. ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி. மாகிமிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். எனக்கோ பரம திருப்தி. அடுத்த வெள்ளி பார்த்தால் மறுபடியும் நடுக்கம், வேர்வை, வரிசை! பானகம் கொடுத்து மலையேற்றினார்கள். சுண்டல் கொடுக்கவில்லையா என்று வேலம்மாவைப் பிடித்தேன். அவர் சத்தியம் செய்தார். எனக்குச் சந்தேகம் வந்து அடுத்த வெள்ளி மத்தியானம் பட்டறைக்குப் போனேன். வாசலில் கட்டியிருந்த ஆட்டுக்கு அண்ணாச்சி தன் கையாலேயே சுண்டலை ஊட்டிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் ஆட்டுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். நான் கத்தினேன். நெஞ்சு நின்றுபோகும் என்று சொன்னேன், வேலம்மா தாலி அறுப்பார் என்று சொன்னேன், வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தோல் துண்டு ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: "கோமதியம்மா, நான் வாயத் தொறந்தா வீட்டுல பூனை கூடத் திரும்பாது. பட்டறையிலயும் அப்படித்தான். சாமி வந்தா ஊரே கேக்கு. அவகூடக் கேக்கா. நான் என்ன சொன்னேன்னு எனக்கு ஒரு எழவும் நெனவில்ல. ஆனா கேட்டாவல்லா?"

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஒரு மனிதன் தன் பேச்சைக் கேட்க ஆள் வேண்டும் என்பதற்காக உயிரை வாராவாரம் பணயம் வைக்கிறான். இதற்கு என் பையில் என்ன மருந்து இருக்கிறது?

டாக்டரிடம் போய் அப்படியே சொன்னேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "அவருக்கு ஒரு கூட்டம் வேண்டும். எனக்கு என் நோயாளிகள் நடக்க வேண்டும்" என்றார். அடுத்த வெள்ளியிலிருந்து, சந்தில் உள்ள சர்க்கரைக்காரர்கள் எல்லோரும் சாயந்திரம் மாட்டுங்கா கோயில் வரைக்கும் நடந்து போய்த் திரும்ப வேண்டும், கூட்டத்துக்குத் தலைவர் பேச்சிமுத்து, அவர் சுண்டல் சாப்பிட்டுவிட்டு வந்தால்தான் ஊர்வலம் கிளம்பும் என்று உத்தரவு போட்டார். சாஸ்தா இறங்கிய உடம்பு முன்னால் நடக்கும்போது யார் வர மாட்டேன் என்பார்கள்? நடக்கச் சொன்னபோது சிரித்தவர்களெல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். சர்க்கரையே இல்லாத தங்கராசும் சேவல் பாவம் தீர வந்தான்.

தலைவர் பதவி அண்ணாச்சிக்கு நன்றாகவே பிடித்துவிட்டது. ரயில் பாலத்தில் ஏறும்போது, "மெள்ள" என்பார். ஒரே வார்த்தை. சொல்லிவிட்டு எல்லோரும் மெள்ள நடக்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். நடப்பார்கள். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். மூச்சு வாங்கினால் பிள்ளையார் முன்னால் நின்று ஆளுக்கொரு தோப்புக்கரணம் என்று அவரே ஒரு சட்டமும் போட்டார். நெஞ்சு நோயாளிகளுக்குத் தோப்புக்கரணம் கூடாது என்று டாக்டர் ரத்து செய்தார். பீடியைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே விட வேண்டும் என்ற சட்டத்தை மட்டும் ரத்து செய்யவில்லை.

அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அதற்குள் பானக வழக்கம் சந்துக்குச் சந்து பரவிவிட்டது. ரேஷன் கடை வரிசையில் ஒரு சர்க்கரைக்கார அம்மாளுக்கு நடுக்கம் வந்தபோது பானகம் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். வெறும் கோபத்தில் நடுங்கிய ஒரு மாமனாருக்கும் வாயில் ஊற்றிவிட்டார்கள். அவருக்குச் சர்க்கரையும் இல்லை, சாமியும் இல்லை. கோபம் மட்டும் இரட்டிப்பாயிற்று.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. அங்கே நடந்ததைப் பத்துப் பேர் எனக்குப் பத்து விதமாகச் சொன்னார்கள். எல்லாவற்றிலும் பொதுவாக இருந்ததை மட்டும் எழுதுகிறேன். நடை முடிந்து திரும்பிய அண்ணாச்சி வீட்டு முன்னால் அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறார். வேர்வை கொட்டியிருக்கிறது. முகம் சாம்பல் மாதிரி வெளுத்திருக்கிறது. "எங்கயாவது வலிக்கா?" என்று கேட்டதற்கு, "இல்ல, என்னவோ மாதிரி வருது" என்றிருக்கிறார். அவ்வளவுதான். தங்கராசு குதித்துவிட்டான். "சாமி வந்துட்டு!" எத்தனையோ மாதம் கழித்து வந்த சாமி. கற்பூரம் வந்தது, வேப்பிலை வந்தது, வரிசையும் வந்தது.

வேலம்மா பானகம் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணாச்சி பாதி குடித்தார். வேர்வை நிற்கவில்லை. வேலம்மா காத்திருந்தார். சாமி மலையேறவில்லை. தங்கராசுக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. "நான் அன்னைக்கே சொன்னேன், கேட்டியளா? இது மாடன்!" என்று ஒரு சுருட்டைப் பற்ற வைத்து அண்ணாச்சியின் வாய்க்குக் கொண்டுபோனான். கூட்டம் கை கூப்பியது.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அந்தச் சாமி வர வேண்டும் என்று எல்லோரையும்விட ஆசைப்பட்டவர் வேலம்மாதான். சாமி வந்த நாட்களில் குழாயடியில் அவருக்கு முதல் இடம். சாமி பெண்டாட்டி என்று பெரிய பெரிய கடைக்காரர் வீட்டுப் பெண்களெல்லாம் வந்து அவரிடம் குங்குமம் வாங்கிப்போனார்கள். அதையெல்லாம் அவர் அந்த ஒரு நிமிஷத்தில் விட்டார். செம்பில் மிச்சமிருந்த பானகத்தைச் சுருட்டின் மேல் வீசினார். சுருட்டோடு தங்கராசின் மீசையும் நனைந்தது.

"இது சாமி இல்ல! எங்க வீட்டுக்காரரு! தூக்குங்கல!" என்று அவர் போட்ட கூச்சல் பாலம் வரைக்கும் கேட்டது என்கிறார்கள்.

பட்டறையில் தோல் ஏற்றுகிற கைவண்டியில் அவரைப் படுக்க வைத்து, மீசையிலிருந்து வெல்லத் தண்ணீர் சொட்டச் சொட்டத் தங்கராசு முன்னால் இழுக்க, நடைக் கூட்டம் முழுக்கப் பின்னால் தள்ள, குறி கேட்க வரிசையில் நின்றவர்களும் சேர்ந்து ஓடிவர, டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றார்கள். டாக்டர் வண்டியிலேயே நாடியைப் பிடித்தார். கண்ணை மூடவில்லை. கேள்வி எதுவும் கேட்கவில்லை. "கோமதி, என் காரில் ஏற்று" என்றார். வேலம்மா முன் சீட்டில் உட்கார்ந்து, ஹாரன் இல்லாத குறையை ஆஸ்பத்திரி வரைக்கும் தன் வாயாலேயே தீர்த்துவைத்தார்.

மாரடைப்புதான். வலியே இல்லாத மாரடைப்பு. கும்பிட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்தக் காலத்தில் இதற்குப் பெரிய வைத்தியம் கிடையாது. பிராணவாயு, ஊசி, வாரக்கணக்கில் அசையாத படுக்கை, அவ்வளவுதான். முதல் சில நாள் எங்களுக்கு உயிரே இல்லை. டாக்டர் கேல்கர் தினமும் வேலை முடிந்து அங்கே போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவார். வேலம்மாவை உள்ளே விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

ஆபத்து தாண்டியது என்று சொல்லி உள்ளே விட்ட அன்று நானும் கூடப் போனேன். அண்ணாச்சி மெலிந்துபோய்க் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வேலம்மா கட்டிலை நெருங்கியதும் அவரே முதலில் சொன்னார்: "ஏளா, எனக்குப் பயமா இருக்கு."

வேலம்மா வழக்கம்போல வாயைத் திறந்தார். என்ன சொல்ல வந்தாரோ, சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னார். வண்டியில் வரும்போது வானம் மட்டும் தெரிந்ததைச் சொன்னார். பட்டறைப் பெட்டிக்குள் படுத்திருப்பது மாதிரி இருந்ததைச் சொன்னார். கல்யாணம் ஆன நாளிலிருந்து வேலம்மா வைக்கிற குழம்பில் உப்பு ஒரு பிடி கூடுதல் என்பதையும் சொன்னார். வேலம்மாவின் உதடு ஒரு தடவை துடித்தது. ஆனால் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்போது வார்டின் பெரிய டாக்டர் பத்துப் பதினைந்து மாணவர்களோடு வந்து, கட்டில் முன்னால் நின்று, "இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். நான் உட்பட எல்லோரும் வேலம்மாவைப் பார்த்தோம்.

வேலம்மா திரும்பவில்லை. பெரிய டாக்டரைப் பார்த்து உள்ளங்கையை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

"கொஞ்சம் பொறுங்கய்யா. அவிய பேசிக்கிட்டிருக்காவல்லா."